நாற்பத்தேழாம் பக்கம்

"ஆதாரம் எங்கே?" பேராசிரியர் தொக்தோர்பாய் பெர்மெத்தின் ஆய்வேட்டிலிருந்த ஒரு வரியைச் சிவப்புப் பேனாவால் குத்தினார்.

"எங்கப்பா சொன்னாரு சார்."

"அப்பா எல்லாம் ஆதாரம் இல்லம்மா. அவருக்கு யார் சொன்னா?"

"அவரே அங்க இருந்தாரு. வேணும்னா நம்ம வழக்கப்படி ஏழு தலைமுறைப் பாட்டன் பேரையும் வரிசையா ஒப்பிக்கிறேன்."

"அதைப் பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட ஒப்பி. எனக்குப் புத்தகம் வேணும், பக்கம் வேணும். இல்லன்னா வரியை அடிச்சிடு. இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்."

அடித்திருந்தால் பெர்மெத்தின் தொல்லை அன்றே தீர்ந்திருக்கும். அவளால் முடியவில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் குளிர்காலத்தில் கிர்கீஸிய மலைகளில் மந்தை மந்தையாக ஆடுகள் செத்ததற்கு மேய்ப்பர்களின் தூக்கமும் அலட்சியமும்தான் காரணம் என்று நூலகத்திலிருந்த அத்தனை அறிக்கைகளும் சத்தியம் செய்தன. பனிமேல் ஐஸ் ஓடு கட்டிப் புல்லை மூடிவிட்டது, பசியிலும் அதில் கால் கிழிந்தும்தான் செத்தன என்பதுதான் அந்த வரி; அதைச் சொன்னவர் அவள் அப்பா ஒருவர்தான். மேய்ப்பராகவே வாழ்ந்து, போன வருடம் போய்ச் சேர்ந்தார். "நான் தூங்கலம்மா" என்பதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

மறுநாள் அந்த வரிக்குக் கீழே ஆதாரம் முளைத்திருந்தது: ஜூமாதில், 'ஐஸ் கட்டிய குளிர்காலம்', பக்கம் 47.

"இது உங்கப்பா பேராச்சே?"

"எங்க பள்ளத்தாக்குல மூணு பேர்ல ஒருத்தருக்கு இந்தப் பேர்தான் சார்."

"புத்தகத்தைக் கொண்டா, பாக்கறேன்."

"லைப்ரரிப் புத்தகம் சார். தொலைஞ்சு போச்சு."

"யார் தொலைச்சா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் மாட்டிக்கொண்டாள். "நான்தான்."

அவர் உடனே நூலகர் புரூலுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். புரூல், தன் சிரிப்பை யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமலே இருந்தவள். பதிவேட்டைத் திறந்து, 'தொலைந்தது' என்று எழுதி, அடிக்கோடும் போட்டாள்.

"அதே புத்தகம் திரும்ப வரணும். வராம 'பாக்கி இல்லை' சீட்டு தரமாட்டேன். சீட்டு இல்லாம பட்டமும் கிடையாது."

"அக்கா, அப்படி ஒரு புத்தகமே உங்ககிட்ட இருந்ததில்ல..."

"தொலைச்சவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

வேறு வழியில்லை, பெர்மெத் எழுத உட்கார்ந்தாள். பக்கம் ஏழு என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு, நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்த வரி வருவதற்காக அதற்கு முந்தைய நாற்பத்தாறு பக்கங்களையும் நிரப்பினாள். அப்பா தன் கோட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய இரண்டு குட்டிகள், குதிரை வழுக்கி விழுந்த சரிவு, செத்த ஆடுகளை எண்ணவந்த அதிகாரி அவரை அறைந்தது எல்லாம் வந்தன. பக்கம் போதாதபோது தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தையும் அப்படியே எடுத்துச் சேர்த்தாள். அழுகை வந்தபோது நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு எழுதினாள். மூன்று வாரத்தில் முடித்து, ஜெராக்ஸ் கடையில் அட்டை போட்டு, 'மறுபதிப்பு' என்றும் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புரூல் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தி, எண் போட்டு, அலமாரியில் வைத்தாள். பேராசிரியர் அன்றே எடுத்துப் படித்தார். மறுநாள் கண் சிவந்து வந்தார்.

"வெக்கமா இல்ல உனக்கு? உன் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயம் முழுக்க இதுலேருந்து வரிக்கு வரி திருடினது! அந்த மனுஷன் எவ்வளவு வேதனைப்பட்டு எழுதியிருக்காரு! திருட்டுக்குப் பட்டம் கிடையாது, போ."

பெர்மெத் நூலகத்துக்கு ஓடினாள். நேராகப் புரூலின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, அந்தப் புத்தகம் பொய். நானே எழுதினது. பதிவேட்டுலேருந்து அடிச்சிட்டு என்கிட்ட குடுத்துடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன். இல்லன்னா என் படிப்பே போயிடும்."

புரூல் எழுந்துபோய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து, தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

"அப்படி ஒரு புத்தகமே இல்லன்னு அன்னிக்கே எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் மந்தையோட மலையிலேருந்து இறங்கினதும் உங்கப்பா நேரா இங்க வந்து, அந்தக் குளிர்காலத்தைப் பத்தி யாராவது உண்மையை எழுதிட்டாங்களான்னு கேட்டுட்டுப் போவாரு."