பஸ் ஸ்டாண்டு தீர்த்து வைத்த கோபங்கள்

கணினி வந்த நாள் முதல் இன்றுவரை, மைக்கை அணைத்து வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர் கோபமாக இருக்கிறார் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பஸ் ஸ்டாண்டுதான்.

பெயர்க்காரணத்தை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். அவர் வீடு பிச்சாட்டூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. தன் மைக்கை அவர் அணைப்பதே இல்லை. அவர் பேச ஆரம்பித்தால் பின்னாலேயே, "புத்தூரு, புத்தூரு, எக்கண்டி!" என்று தெலுங்கில் ஏறச் சொல்லிக் கண்டக்டரும் பேசுவார். (அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பிச்சாட்டூர் சித்தூர் மாவட்டம், பிறகு திருப்பதி மாவட்டம். நகர்ந்தது மாவட்டம்தான், அவர் அல்ல.)

ஊரடங்குக்குப் பின் எங்கள் கம்பெனி திருப்பதி ஆபீஸைக் காலி செய்துவிட்டது. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலையை அவரவர் வீட்டிலிருந்தே செய்தோம். ஒருவரை ஒருவர் மறந்துவிடக் கூடாதே என்று கம்பெனி திரையில் ஓர் ஆபீஸ் வரைந்து கொடுத்தது. மேசைகள், மீட்டிங் அறை, டீ குடிக்கும் இடம், ஆளுக்கொரு பொம்மை. விசையை அழுத்தினால் பொம்மை நடக்கும். இன்னொரு பொம்மைக்குப் பக்கத்தில் போனால் அவர் குரல் கேட்கும், விலகினால் கேட்காது.

"பக்கத்துல வந்து நிக்கிறேன், வாயத் தெறக்கலன்னா இன்னா அர்த்தம்? கோவம்தானே?" என்பார் பஸ் ஸ்டாண்டு. "கோவிச்சிக்கினவங்கள எங்க ஊர்ல தனியா உட மாட்டோம்."

ஒருநாள் சந்திரகிரி ரகுவின் மைக் கெட்டுவிட்டது. பஸ் ஸ்டாண்டு சமாதானம் பேச வந்தார். பதில் சொல்ல வழியில்லாத ரகு, பொம்மையை ஓட்டினான். இவரும் துரத்தினார். "ஓடாத தம்பி! எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்!" திரை முழுக்க இருவரும் சுற்றினார்கள். அன்று மதியம் ஒரு பில்லும் நகரவில்லை.

பிறகு திருப்பதியில் தன் வீட்டிலிருந்தபடி புது மேனேஜர் அம்மா திரைக்கு வந்தார். அவர் மைக் எப்போதும் அணைந்தே இருக்கும், எழுதித்தான் பேசுவார். பஸ் ஸ்டாண்டுக்கு வேறென்ன வேண்டும்? டீ இடம், மீட்டிங் அறை என்று பின்னாலேயே போய், "எங்க மேல இன்னா கோவம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா புகார் எழுதிவிட்டார். இன்னொரு முறை பக்கத்தில் போனால் வேலை கிடையாது என்று சித்தூரில் இருந்த பெரிய அதிகாரி சொல்லிவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது. மனிதர் அடங்கிப் போனார்.

புரட்டாசி பிறந்தது. திருமலையில் பிரம்மோற்சவம். அந்த வாரத்தில் ஒருநாள், மேனேஜர் அம்மாவின் பொம்மை மீட்டிங் அறையில் சுவரைப் பார்த்து நின்றது. மதியம் வரை அசையவில்லை.

பஸ் ஸ்டாண்டின் பொம்மை எழுந்தது.

"அண்ணா, வாணாம்! வேலை பூடும்!" என்று ரகு குறுக்கே வந்து நின்றான்.

"போவட்டும் நைனா. பொம்மையா இருந்தா இன்னா, சொவத்தப் பாத்துக்கினு நிக்குது பாரு."

தடுக்கப் போன நாங்களும் மீட்டிங் அறைக்குள் வரிசையாக வந்து சேர்ந்தோம்.

"அம்மா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றார். "சும்மா நின்னுக்கினு இருக்கேன். பேசுனா பேசுங்க, பேசாட்டியும் பரவால்ல."

அவர் பக்கத்து பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது. அப்புறம் மேனேஜர் அம்மாவின் மைக் திறந்தது. வந்தது வீறிட்டு அழும் ஒரு குழந்தையின் குரல்.

"எனக்கு யார் மேலயும் கோவமில்லை," என்றார் அந்த அம்மா. "கொழந்தை அழறது எல்லாருக்கும் கேக்குமேன்னுதான் அணைச்சு வெச்சேன். ஆத்துக்காரருக்கு மலைமேல கோயில் கைங்கர்யம். தனியா சமாளிக்க முடியலை."

"இதுக்காம்மா? எங்க பஸ் ஸ்டாண்டுல அழாத கொயந்த எது? அது அழட்டும். நீ மைக்கத் தெறந்து வெச்சிக்கினு வேலையப் பாரு."

அன்று மாலையே அந்த அம்மா புகாரைத் திரும்பப் பெற்றார். அதன் பிறகு எங்கள் ஆபீஸில் பஸ்ஸும் குழந்தையும் சேர்ந்தே கத்தின.

இப்போது அந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்துவிட்டது. திரையில் பஸ் ஸ்டாண்டின் பொம்மையைக் கண்டால் "மாமா" என்று தாவுகிறது. எங்களையும் கூப்பிடச் சொல்லிப் பார்த்தோம், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. அதன் இடத்தில் நான் இருந்தாலும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவேன்.