எதிர்ச்சுவரில் இறங்கிய கட்டணம்

மனிதனுக்கு முடி வளர்வதும், டிவிக்குக் கட்டணம் வளர்வதும் இயற்கையின் நியதி. முதலாவதை வெட்ட ஆள் உண்டு. இரண்டாவதை வெட்ட ஆளில்லை என்பது, முதலாவதை வெட்டிப் பிழைத்துவந்த சலூன்காரருக்கு ஒரு காலை வேளையில் தெரியவந்தது.

கேபிள்காரர் உள்ளே வந்தார். கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டே, "கட்டணத்தைக் கொஞ்சம் திருத்தியிருக்கோம் அண்ணே" என்றார்.

"திருத்தினா குறையணுமேப்பா. நான் திருத்தினா குறையுதே!"

"சேனல் கூடியிருக்குல்ல?"

கூடியிருந்தது உண்மைதான். புதிய சேனல் ஒன்றில் ஒரு பெண்மணி காலையிலிருந்து மாலை வரை ஒரே வாணலியை விற்றுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் யாருக்கும் புரியாத மொழியில் யாரோ மீனை எடை போட்டார்கள்.

"இந்த ரெண்டும் எனக்கு வேணாம். எடுத்துட்டுப் பழைய கட்டணத்தையே போடு."

"மீனை எடுத்தா செய்தியும் போயிடும். எல்லாம் ஒரே தொகுப்பு."

டிவியையே நிறுத்திவிடலாமா என்று சலூன்காரர் வீட்டில் வாய்திறந்தார்.

"தாராளமா நிறுத்துங்க" என்றாள் மனைவி. "உங்க கடையில உக்காந்திருக்கிற கூட்டம் அப்படியே எழுந்து எங்க அண்ணன் கடைக்குப் போகும். அவனுக்கும் சந்தோஷமா இருக்கும்."

அண்ணன் கடை என்பது தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த இன்னொரு சலூன். மச்சான் தன் கூரைமேல் டிஷ் வைத்திருந்தார். "கேபிள் தெருவிலேர்ந்து வருது மாப்ள. எனக்கு நேரா வானத்துலேர்ந்து வருது" என்பார். வானத்திலிருந்து வந்தாலும் அதிலும் அதே பெண்மணி அதே வாணலியைத்தான் விற்றார். ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

கூட்டம் எதிர்ப்பக்கம் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஆகவே சலூன்காரர் அரசின் கட்டண ஒப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே சுவர் முழுக்க ஒரு வரைபடம். சிவப்புக் கோடு கேபிள், நீலக் கோடு டிஷ். இரண்டும் தரையோரத்தில் புறப்பட்டு, ஆண்டுக்காண்டு சுவரேறி, உட்கூரையைத் தொட்டு, அங்கேயும் நிற்காமல் மின்விசிறியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் படிப்பதற்கென்றே அதிகாரிக்கு ஒரு சாய்வு நாற்காலி வழங்கப்பட்டிருந்தது.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்" என்றார் சலூன்காரர்.

அதிகாரி மிகவும் நல்லவர். படுத்தபடியே அன்பாகக் கேட்டார்: "யாரோட ஒப்பிடும்போது?"

சலூன்காரர் யோசித்தார். "எதிர்க் கடையில டிஷ் இருக்கு சார். அவருக்கு இவ்வளவு ஏறல."

அதிகாரி கோல் ஒன்றை எடுத்து உட்கூரையைத் தொட்டார். "தப்பு. பதினைந்து வருஷத்துல டிஷ்தான் கூட ஏறியிருக்கு. பாருங்க, நீலம் முன்னால போகுது, சிவப்பு பின்னால நொண்டுது. அப்படின்னா இத்தனை வருஷமா நீங்க குறைவாக் கட்டிச் சுகப்பட்டிருக்கீங்க. ஒருவர் சுகப்பட, ஒருவர் துயரப்பட, இந்த அலுவலகம் கைகட்டிப் பார்த்துக்கிட்டு இருக்குமா?"

இருக்கவில்லை. மறுவாரமே சமநீதி ஆணை வந்தது. கேபிள் கட்டணம் டிஷ்ஷின் அளவுக்கு உயர்த்தப்பட்டது.

மச்சான் எதிர்க் கடை வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆழம் தெரியாம காலை விட்டீங்களே மாப்ள!"

அந்தச் சிரிப்புக்கு ஆயுள் குறைவு. டிஷ் நிறுவனம் அலுவலகத்துக்கு முறையிட்டது: வானமும் தெருவும் ஒரே விலை என்றால் வானத்துக்கு என்ன மரியாதை? நியாயம்தான் என்று டிஷ் கட்டணம் உயர்த்தப்பட்டது. இப்போது மச்சான் ஓடினார். "எனக்கு மட்டும் ஏத்திட்டீங்க, கேபிள்காரங்க ஜாலியா இருக்காங்க" என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. கேபிள் உயர்ந்தது. வானத்தின் மரியாதை மறுபடியும் கெட்டது.

கோடுகளுக்கு வழிவிட அலுவலகத்தில் மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள்.

கடைசியில் மாப்பிள்ளையும் மச்சானும் அந்த அலுவலக பெஞ்சில் அருகருகே உட்கார நேர்ந்தது. மச்சானுடைய தங்கை கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்தது அன்றுதான்.

"முதல்ல யார் ஆரம்பிச்சது?" என்றார் மச்சான்.

"நான்தான். ஆனா வளர்த்துவிட்டது நீங்க."

"சரி விடுங்க. ரெண்டு பேர் தலையிலயும் மொளகா அரைச்சாச்சு."

உள்ளே அதிகாரி வியர்வையைத் துடைத்தபடி வரவேற்றார். "நல்ல நேரத்துல வந்தீங்க. கட்டணம் இறங்க ஆரம்பிச்சிடுச்சு!"

உண்மைதான். இரண்டு கோடுகளும் உட்கூரையைக் கடந்து, எதிர்ச்சுவரில் வளைந்து, கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.

"சார், காகிதம் சுத்தி வந்திருக்கு. அதனால அப்படித் தெரியுது" என்றார் சலூன்காரர்.

"தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"அதைத்தான் மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். பாராட்டுக் கடிதம்கூட வந்தாச்சு."

மச்சான் கைகூப்பினார். "சார், எங்க ரெண்டு பேருக்கும் குறைச்சுடுங்க, போதும்."

அதிகாரி திகைத்துப்போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குறைக்கணுமா? இதை ஏன் முதல்லயே சொல்லல? இவர் வந்து 'அவருக்கு ஏறல'ன்னார். நீங்க வந்து 'இவங்களுக்கு ஏறல'ன்னீங்க. ஏத்திக் கொடுத்தேன். குறைக்கச் சொல்லி இதுவரைக்கும் யாருமே வரலையே! அதுக்கு இங்கே பிரிவே கிடையாது."

திரும்பும் வழியில் இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இரண்டு கடையிலும் ஒரே நாளில் டிவியை நிறுத்துவது. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்றால் கூட்டம் எங்கே போகும்? ஆனாலும் குறித்த நாள் காலை சலூன்காரர் டிவியை அணைக்கும்போது, எதிர்க் கடையில் நிஜமாகவே அணைகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டேதான் அணைத்தார். மச்சானும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்ததால் இருவர் பார்வையும் நடுத்தெருவில் முட்டிக்கொண்டது.

திரை இருண்டது. சலூன்காரர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரும் தலையைத் தூக்கவும் இல்லை. எல்லோரும் மடியில் இருந்த போனைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். வாரத்துக்கு இருமுறை கிருதாவைச் செதுக்கிக்கொள்ள வருகிறவர் மட்டும் பேசினார்: "அண்ணே, சார்ஜர் இருக்கா?"

இதற்காகவா இத்தனை நாள் கட்டினோம் என்று சலூன்காரருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கட்டணம் இல்லை, மீன் இல்லை, வாணலி இல்லை. கடை பிழைத்துவிட்டது.

சில நாள் கழித்து அதிகாரியே முகம் மழிக்க வந்தார். வாடிப்போயிருந்தார்.

"உங்களைப் பார்த்து ஊரே டிவியை நிறுத்திடுச்சு. அலுவலகத்துல ஈ ஓட்டுறேன். ஒப்பிட ஒண்ணுமே இல்லையே!"

நுரையைக் குழைத்துத் தடவி, சலூன்காரர் கத்தியை அவர் தொண்டைக்குழியில் வைத்தார். அதிகாரி கண்ணாடியில் பார்த்தார். பார்வை பெஞ்சுக்குப் போய் நின்றது.

"இவங்க எல்லாம் குனிஞ்சு என்ன பண்றாங்க?"

சலூன்காரரின் கை அசையாமல் நின்றது. "தூங்கறாங்க சார்."

கிருதாக்காரருக்குப் பொறுக்கவில்லை. "யார் தூங்கறது? போன் பாக்கறோம் சார். என் ரீசார்ஜ் மலிவு. இதோ இவருதுதான் விலை கூட."

"யார் சொன்னா?" என்று பக்கத்திலிருந்தவர் சீறினார். "போன மாசம் உங்களுதுதான் ஏறிச்சு!"

"எனக்கு ஏறி உங்களுக்கு ஏறாம இருக்கிறது மட்டும் என்ன நியாயம்?"

பெஞ்சு முழுவதும் எழுந்து நின்று பேசியது. அதிகாரியின் முகத்தில், நுரைக்குள்ளிருந்து ஓர் ஒளி பரவியது. "மெதுவா, மெதுவா. ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார்.

"ஐயோ, வாயை மூடுங்கய்யா!" என்று சலூன்காரர் கத்தியும் கையுமாக அலறினார். "பட்டவன் சொல்றேன். இவர்கிட்ட ஒப்பிட்டுப் பேசாதீங்க. பேசினா எல்லாரும் அழிஞ்சோம்!"

பெஞ்சு மறுபடியும் உட்கார்ந்தது. எல்லோரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். சலூன்காரர் மீதி முகத்தையும் மழித்து முடித்தார். துண்டால் துடைத்தார். எதிர்க் கடை வாசலில் மச்சான் புதுப் போன் ஒன்றைக் காதில் வைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சலூன்காரர் அதைப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

பிறகு அதிகாரியின் காதருகே குனிந்தார்.

"சார், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அவர் போனுக்குக் கட்டணம் எவ்வளவு வருது?"