அசையாத அலமாரி

1. மூலக்குளத்தில் ஒரு வீட்டில், ரீனாவுக்கும் அவள் தம்பி ஜோவுக்கும் ஓர் அறை வடிவமைத்தேன். அக்காவுக்கு வயரிங் பைத்தியம். தம்பிக்கு மூங்கில் பைத்தியம்.
2. அறையில் நாற்பத்தாறு அளவுகள் எடுத்தேன்.
3. அதன் இரட்டைக் கதவில் ஒன்றை நிரந்தரமாக மூடி, அதை மறைத்துப் பெரிய அலமாரி அடித்தேன்.
4. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு, இருவரும் அங்கேயே செய்த ஏழடி நட்சத்திரம் வெளியே வராமல் அறைக்குள் மாட்டிக்கொண்டது.

அது நான் தனியாக எடுத்த முதல் வேலை. முடிந்த அறையைப் படமெடுக்க அன்று புதுச் சுடிதாரில் போயிருந்தேன். (படத்தில் நானும் இருப்பதாகத் திட்டம்.)

ஆறு மணிக்குள் நட்சத்திரம் மாதா கோயில் மைதானத்தில் இருந்தால்தான் கிறிஸ்துமஸ் நட்சத்திரப் போட்டியில் சேர்ப்பார்கள். போன வருடம் விளக்கு எரியாமல் தோற்றவர்கள் இவர்கள். எப்படித் திருப்பினாலும் நட்சத்திரத்தின் வயிறு கதவில் இடித்தது.

"அந்தக் கதவ மூடாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல, அக்கா?" என்றாள் ரீனா.

சொன்னாள்தான். என் நோட்டில் அது இப்படிப் பதிவாகியிருந்தது: 'இரட்டைக் கதவு: பிள்ளைகள் ஆசை. தவிர்க்கலாம்.' கீழே கோடு வேறு.

"ரெண்டு மூலைய அறுத்துட்டு வெளிய போயி ஒட்டிக்கலாமா?" என்றான் ஜோ.

"மொதல்ல உன் மூக்க அறுத்து ஒட்டிக் காட்டு," என்றாள் ரீனா.

அவர்கள் அம்மா அருள்மேரி என்னைப் பார்த்தார். "இருவது வருசத்துக்கு அசையாதுன்னியேம்மா, இந்த அலமாரி. நீ அசைச்சாலும் அசையாதா?"

எந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். ஜோவின் உள்ளாடைகள் முதல் ரீனாவின் வயர் சுருள்கள் வரை எல்லாம் கட்டிலில் குவிந்தன. ரீனா டார்ச் பிடித்தாள். ஜோ ஸ்க்ரூக்களைப் பொறுக்கினான். மூன்று நாளில் அடித்த அலமாரி இருபது நிமிடத்தில் சுவரை விட்டு நகர்ந்தது. இரண்டு கதவுகளும் திறந்தன. நட்சத்திரம் கல்யாணப் பெண் மாதிரி வெளியே போனது.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு மைதானம். எல்லா விளக்குகளும் எரிந்தன. முதல் பரிசு. (பரிசளிப்புப் படத்தில் நடுவில், தலையெல்லாம் மரத்தூளோடு நிற்பது நான்.)

என் வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. போன மாதம் எனக்கு வரன் ஒன்று வந்தபோது, பையன் ஆறடி என்றார்கள். "நம்ம கதவுல நொழைவாரான்னு இவளையே அளக்கச் சொல்லுங்க," என்றார் அப்பா.

இன்றைய நிலவரம்: அலமாரி சக்கரங்களின் மேல் நிற்கிறது. இரண்டு கதவுகளும் திறக்கின்றன. புது வேலை எடுக்கும்போது நான் கேட்கும் பட்டியலில் முதல் கேள்வி, 'இந்த அறையிலிருந்து என்ன வெளியே போக வேண்டும்?'