‘ஆ காட்டு’ கம்பவுண்டரும் பாதி மாத்திரையும்

காஞ்சிபுரத்தில் சாமி பார்க்காதவர்கள்கூட இருக்கலாம்; ‘ஆ காட்டு’ கம்பவுண்டரிடம் வாயைத் திறக்காதவர் கிடையாது. அறுபதுகளில் எங்கள் தறித் தெருக்களில் காச நோய் மலிந்திருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரையை நோயாளி விழுங்கினாரா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதை அவராகவே வேலையாக்கிக்கொண்டார். சைக்கிளை நிறுத்துவார், மணியடிப்பார், தெருக்கோடிக்குக் கேட்கும்படி கத்துவார்: “ஆ காட்டு!”

ஒரு நெசவாளர் தினமும் மாத்திரையைத் தறிக்குழியில் துப்பிக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் குழிக்குள் இறங்கி, தலையெல்லாம் நூல் தூசியோடு ஏழு மாத்திரைகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தார். இன்னொருவரைத் தேர்த் திருவிழாவில் பிடித்தார். அந்த ஆள் வடத்தை விட்டுவிட்டு வாயைத் திறந்து நிற்க, பின்னால் இழுத்து வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

“அதான் இருமல் நின்னுடுச்சேபா” என்று முனகினார் பிடிபட்டவர்.

“இருமல் நின்னா கிருமி செத்துப்பூடுச்சா? அரைகுறையா அடிச்சா அது மருந்துக்கே பழகிக்கும்பா. அப்பால இன்னாத்தக் குடுத்து சாவடிக்கிறது?”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். என் அக்கா சரசா இருமத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுபோனது. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தால் மறுநாளே எங்கள் வாசலில் மணியடிக்கும். அது மாப்பிள்ளை வீடுவரை கேட்கும்.

கம்பவுண்டரின் மனைவிக்கும் அதே நோய். அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அம்மா அவரிடம் போய் அழுதாள். அண்ணி மனமிரங்கி, தன் மாத்திரைகளில் பாதியை ரகசியமாக அக்காவுக்குக் கொடுத்துவந்தார். ஊரார் வாயையெல்லாம் பார்த்த மனிதர், தன் வீட்டில் மட்டும் “போட்டுக்கினியா?” என்று கேட்டதோடு சரி. இரண்டே மாதத்தில் இருவருக்கும் இருமல் நின்றது. அம்மா காமாட்சியம்மன் கோயிலில் விளக்குப் போட்டாள்.

ஆறு மாதம் கழித்து இருவரும் ரத்தமாக இருமினார்கள். அண்ணியின் சளியைப் பரிசோதித்த டாக்டர், பழைய மருந்து இனி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்றார். “தவறாமப் போட்டவளுக்கு எப்பிடி சார்?” என்று அவரிடம் சண்டைக்குப் போனார் கம்பவுண்டர். அப்போதுதான் அண்ணி உண்மையைச் சொன்னார்.

அன்று மாலை கம்பவுண்டர் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தார். அடிக்கப்போகிறார் என்று நடுங்கிப்போய் நின்றோம்.

“நான் கத்துறதுக்குப் பயந்துக்கினுதான் ஆஸ்பத்திரிக்கு வரலையாமா?” என்று அக்காவிடம் கேட்டார்.

ஆமாம் என்று அக்கா தலையசைத்தாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மெட்ராஸிலிருந்து இருவருக்கும் வேறு மருந்து வந்தது. விழுங்கினால் குடலையே பிடுங்கும். அண்ணியின் உடம்பு அதைத் தாங்கவில்லை. மூன்றாம் மாதம் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் காலை, அக்கா மாத்திரை போடுவதைப் பார்க்கக் கம்பவுண்டர் கொல்லைப்புறமாக வந்து நின்றார்.

“என்னாலதானேண்ணே அண்ணி...” என்று அக்கா கதறினாள்.

“நீ இன்னாமா பண்ணுவே? அவ குணம் அது. நீ முழுசாப் போட்டுக்கோ, அது போதும் எனக்கு.”

ஒன்றரை வருஷம் ஒருநாள் தவறாமல் வந்தார். அக்கா பிழைத்தாள். பேசியிருந்த சம்பந்தம் முறிந்து, பிறகு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. நாங்கள் இருவரும் பெண்கள். அண்ணன் முறைக்கு அவர்தான் வந்து நின்றார். கூடப் பிறந்தவன் ஒருவன் இல்லையே என்று அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வருத்தப்பட்டதில்லை.