பவளத்துக்கு டபுள் ஷிஃப்ட்

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், டூத் பிரஷைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வேந்தன் ஒரு சபதம் போட்டான். அது பல் தேய்க்கிற பிரஷ் அல்ல. மூன்று மாதமாகத் தன் மீன் தொட்டியில் அவன் பாசி தேய்க்கிற பிரஷ்.

"இந்தப் பாசிய வேரோட அழிக்கல, என் பேரு வேந்தன் இல்ல!"

"பாசிக்கு வேரே கிடையாதுங்க," என்றாள் சமையலறையிலிருந்து அவன் மனைவி யசோதரா. "அதத் தெரிஞ்சிகினு அப்பறம் சபதம் போடுங்க."

தொட்டி சாதாரணத் தொட்டி இல்லை. கடல்தண்ணித் தொட்டி. தங்கவயலிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பயணம் போக வேண்டும். வேந்தன் கடலையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டான். பெங்களூரிலிருந்து பக்கெட்டில் உப்பு வாங்கி வந்து, வடிகட்டின தண்ணீரில் கரைத்து, உயிருள்ள பவளம் வைத்து, பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒரு ஜோடியும் விட்டிருந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். "சாம்பியன் ரீஃப்ஸ்ல பொறந்தவன் ரீஃப் டேங்க் வெக்காம வேற எவன் வெப்பான்?" தங்கச் சுரங்கம் இருந்த அந்த ஊரில் ரீஃப் என்றால் தங்கம் ஓடும் பாறை. கடல்காரர்களுக்கு அது பவளப்பாறை. இரண்டிலும் இறங்கியவன் லேசில் மேலே ஏறுவதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் தொட்டிக்குப் புது விளக்கு வாங்கி மாட்டிய அன்றைக்கே அதற்கு நேரம் குறித்துவிட்டான். காலை ஆறு மணிக்குப் போட்டால் ராத்திரி பத்து மணிக்குத்தான் அணைப்பது.

"பதினாறு மணி நேரமா? பாவங்க அது," என்றாள் யசோதரா.

"இன்னா பாவம்? எங்கப்பா மைன்ஸ்ல டபுள் ஷிஃப்ட் அடிச்சவரு. அதுலதான் என்னையப் படிக்க வெச்சாரு. பவளம் மட்டும் இன்னா, ஆபீசரா? வெளிச்சத்தத் தின்னு வளர்ற பொருளு அது. எவ்ளோ வெளிச்சமோ அவ்ளோ வளர்ச்சி!"

வளர்ந்தது. வஞ்சனையில்லாமல் வளர்ந்தது. ஆனால் பவளம் இல்லை, பாசி. பாறை மேல் பச்சைத் தலைமுடி மாதிரி ஆடியது. தேய்த்தால் இரண்டு நாளில் முளைத்தது. பிடுங்கினால் ஒரே நாளில் முளைத்தது. பெங்களூர் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பாசி தின்னும் நத்தை பத்து வாங்கி, டிபன் கேரியரில் வைத்து ரயிலில் கொண்டு வந்தான். "இன்னா சார் இன்னிக்கு சாப்பாடு?" என்று மூடியைத் திறந்து பார்த்த பக்கத்து சீட்டுக்காரர் கடைசி ஸ்டேஷனான மாரிக்குப்பம் வரைக்கும் வாய் திறக்கவில்லை. நத்தைகள் மூன்று நாள் மும்முரமாகத் தின்றன. நாலாம் நாள் அவற்றின் முதுகிலேயே பாசி முளைத்துவிட்டது.

அதைக்கூட வேந்தன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது பவளத்தின் கோலம்தான். ரோஜா நிறத்தில், விரல் விரலாக விரிந்து மூடும் பவளம் அது. கட்டைவிரல் அளவு துண்டாக வாங்கி வந்து, ஒரு வருஷத்தில் கையளவு ஆக்கியிருந்தான். இப்போது பாசிக்கு நடுவே இரண்டு வாரமாகச் சுருங்கிக் கிடந்தது. அதைப் பார்க்கிற நேரமெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி வீட்டில் நடமாடினான்.

யசோதராவுக்கு வேறு கவலை. கேக் சுடுகிற ஓவன் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தில் ஏழு வீடுகள் அவளிடம் கேக் கேட்டுக் காத்திருந்தன. ஓவனோ பீரோ மேல் அட்டைப்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் வீட்டில் இடம் ஏது? இருந்த ஒரே நல்ல மூலையில் கடல் உட்கார்ந்திருந்தது.

"ஒரு பேச்சு பேசிக்கலாங்க," என்றாள். "புத்த பூர்ணிமாவுக்கு இன்னும் ஆறு வாரம் கீது. அதுக்குள்ள பாசி உங்க கையால ஒழிஞ்சா, தொட்டி இங்கியே இருக்கட்டும். இல்லன்னா தொட்டி போவும், ஓவன் வரும்."

"எங்கையால ஒழிக்கிறேன் பாரு!"

"ஏனோக் அண்ணே, கேட்டுக்கினீங்களா?"

பக்கத்து வீட்டு ஏனோக், சுரங்கத்தில் ஆட்களைக் கேஜில் இறக்கி ஏற்றின மனுஷர். இப்போது வாசலில் நாற்காலி போட்டு, தெருவில் ஏறி இறங்குவதையெல்லாம் கணக்காகப் பார்ப்பவர். "கேட்டுக்கினேம்மா," என்றார் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "உங்க கையால. புத்த பூர்ணிமா. சாட்சி நானு."

மறுநாள் யசோதரா செல்போனோடு வந்தாள். "நானும் வீடியோ பாத்தேங்க. தரைத் தூசியில பாஸ்பேட்டு கீதாம். ஃபேன் காத்துல பறந்து தண்ணியில விழுதாம். பாசிக்கு அதுதான் பிரியாணியாம்."

"அப்ப தரைய நல்லாத் தொடச்சி வெய்யி."

"நான் தொடச்சா எப்பிடிங்க? 'உங்க கையால'ன்னு இல்ல பேச்சு?"

அதுவும் நியாயம்தானே! மறுநாளிலிருந்து வேந்தன் ஐந்து மணிக்கு எழுந்தான். பெங்களூர் வேலைக்கு ரயில் பிடிப்பதற்கு முன்னால் வீடு முழுக்க மாப் போட்டான். அடுத்த வாரம் ஃபேன் றெக்கையில் பாஸ்பேட் இருப்பதாகத் தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தான். அதற்கடுத்த வாரம் விஷயம் துணி சோப்புக்குப் போனது.

"சோப்புத்தூள் காத்துல பறக்குமாம். வீட்டுக்குள்ள ஊற வெக்கவே கூடாதாம். பின்பக்கம் கல்லு மேல வெச்சித்தான் தொவைக்கணுமாம்."

"யாரு தொவைக்கிறது?"

யசோதரா அவன் கையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க வேந்தன் பின்பக்கத்தில் பெட்ஷீட்டோடு மல்லுக்கட்டினான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பாசி குறைந்தது! பத்தாம் நாள், பாறையில் ஒரு விரல் அகலத்துக்குக் கருஞ்சாம்பல் நிறம் தெரிந்தது. வேந்தன் மாப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தான். இருபதாம் நாள் நத்தைகளின் முதுகு வெளுத்தது. அன்றைக்குச் சாயங்காலம் பவளத்தின் ஒரு விரல், ஒரே ஒரு விரல், மெதுவாக நீண்டு மடங்கியது.

"யசோ! சீக்கிரம் வாயேன்! கையாட்டுது!"

அவளும் மாவுக் கையோடு ஓடி வந்தாள். இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் கண் லேசாகக் கலங்கினதை வேந்தன் பார்த்தான்.

"பாத்தியா மாப்போட மகிமைய?" என்றான்.

"பாத்துகினுதாங்க கீறேன்," என்றாள்.

நாலாவது வாரம் தாளிக்கிற புகைக்கு வந்தது ஆபத்து. எண்ணெய்ப் புகை தண்ணீர் மேல் ஏடாகப் படிகிறதாம். கேஸ் அடுப்பைப் பின் வராண்டாவுக்கு வேந்தனே தூக்கிக்கொண்டு போனான். லீவு நாளில் மீன் வறுப்பதும் அவன் கையால்தான் என்றானது.

"மேடை சும்மாத்தானே கீது," என்றாள் யசோதரா. "அந்த ஓவனக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. மிக்சி பிளக்கே போதும். அதுல எண்ணெயும் இல்ல, புகையும் இல்ல."

பீரோ மேலிருந்து ஓவனை இறக்கி, மேடையில் வைத்து, அழுத்தித் துடைத்தும் கொடுத்தான். தன் மூலை தப்பித்த மகிழ்ச்சியில் ஒரு பெருமூச்சு வேறு! மனுஷனுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

புத்த பூர்ணிமா வந்தது. சாயங்காலம் தொட்டி பளிங்காக நின்றது. பாறையில் பேருக்குக்கூடப் பச்சை இல்லை. ரோஜாப் பவளம் பத்து விரலையும் விரித்து, மூடி, மறுபடி விரித்தது. சாட்சி ஏனோக் ஒரு தட்டு கேக்கோடு முன்னால் உட்கார்ந்தார். யசோதரா டீ போடப் பின் வராண்டாவுக்குப் போனாள்.

"எல்லாம் ஒழைப்புண்ணே," என்றான் வேந்தன். "நானும் ஒழைச்சேன், பவளமும் டபுள் ஷிஃப்ட் ஒழைச்சிது."

"டபுளா?" ஏனோக் கேக்கை மென்றபடி கேட்டார். "இன்னா வேந்தா சொல்ற? ஆறு வாரமா அதுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டே கிடையாதே."

"இன்னாண்ணே?"

"காலைல நீ ரயிலுக்குக் கெளம்பினதும் ஜன்னல் இருட்டாயிடும். மத்தியானம் ரெண்டுக்குத்தான் திரும்ப எரியும். ரெண்டு டு பத்து, சுத்தமா செகண்ட் ஷிஃப்ட் மட்டுந்தான். ஞாயித்துக்கெழமைகூட நீ பின்னால துணி தொவைச்சி, மீனு வறுத்து முடிக்கிற வரைக்கும் லைட்டு கிடையாது. லைட்டு டப்பாவுல வந்த காகிதத்த எனக்கே படிச்சிக் காட்டிச்சே யசோதராப் பொண்ணு. எட்டு மணி நேரத்துக்கு மேல எரிஞ்சா பாசிதான் வளரும்னு போட்டுக்கீது. நீதான அணைக்கச் சொன்ன?"

வேந்தன் தொட்டியைப் பார்த்தான். பளபளத்த தரையைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். கொடியில் வரிசையாகக் காயும் பெட்ஷீட்டுகளைப் பார்த்தான். சமையல் மேடையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்த ஓவனைப் பார்த்தான். பாஸ்பேட்டாவது, பிரியாணியாவது! ஆறு வாரம்!

"யசோதரா!" என்று கத்த வாயைத் திறந்தான்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கத்தினால் இன்னா ஆகும்? பாசி ஒழிந்தது அவன் கையால் இல்லை என்று ஆகும். சாட்சி எதிரிலேயே உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருக்கிறார். பாசி அவன் கையால் ஒழியவில்லை என்றால் தொட்டி போகும், மீன் ஜோடி போகும், இந்தப் பத்து விரலும் போகும். கண்ணாடிக்குள் பவளம் விரிந்தது. வெளியே வேந்தனின் வாய் மூடியது.

யசோதரா டீயோடு வந்து நின்றாள். "கூப்ட்டீங்களாங்க? ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல. கேக்கு நல்லா கீது."

"அப்ப பாசி ஒழிஞ்சது யாரு கையால?" ஏனோக் சாட்சிக்குரிய முறையோடு கேட்டார்.

"எங்கையால," என்றான் வேந்தன். ஈனசுரத்தில் வந்தது.

"ஆமாண்ணே, அவரு கையாலதான்," என்றாள் யசோதரா, ஒரு சிரிப்பும் இல்லாத முகத்தோடு. "ஒழிஞ்சா மட்டும் போதுமா? திரும்ப வராம பாத்துக்கணும் இல்ல? அதுவும் அவரு கையாலதான்."

மறுநாள் ஐந்து மணிக்கு வேந்தன் எழுந்தான். வாளியில் தண்ணீர் பிடித்தான். கூடத்தைத் துடைத்துக்கொண்டே அறைக்குள் வந்தான். யசோதரா போர்வைக்குள்ளிருந்து கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"கட்டிலுக்கு அடியிலயும் பாசி வருமாங்க."