கோட்டருகே நின்றவர்

ஹெர்ஷல் டேட்டத்தின் தலையில் வலது பாதி மட்டும்தான் வெட்டி முடிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து முடிதிருத்தும் ஓடஸ் கத்தரியை வைத்துவிட்டுப் பத்திரிகையைக் கையில் எடுத்தார்.

"இதைக் கேளு ஹெர்ஷல். 'எல்லைக் கோட்டுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்ற சலோவா ஊர்க்காரரே சொல்கிறார், பந்து உள்ளே போகவில்லை' அப்படின்னு போட்டிருக்கான்."

"யாராம் அந்தப் பாவி?"

"பேர் போடல." ஓடஸ் எதிரிலிருந்த கண்ணாடியில் ஹெர்ஷல் முகத்தைப் பார்த்தார். "அன்னிக்குக் கோட்டுக்குக் கையெட்டுற தூரத்துல யாருப்பா நின்னது?"

ஹெர்ஷல் யோசித்தார். நின்றது அவர்தான்.

சலோவா கல்லூரி மைதானத்தில், ஆட்டம் எந்த இடத்தில் நின்று தொடங்குகிறதோ அந்த இடத்துக்கு நேராக ஓரத்தில் ஒரு கம்பை ஊன்றிப் பிடிப்பது அவர் வேலை. சம்பளம் கிடையாது. அவருடைய அப்பா பிடித்த கம்பு அது. அப்பாவை அடக்கம் செய்த சனிக்கிழமையே ஹெர்ஷல் கைக்கு வந்தது. வயிற்றுப்பாட்டுக்குக் கோழித்தீவனக் கடை, மரியாதைக்குக் கம்பு.

போன சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் எங்கள் கல்லூரிப் பையன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆள் குவியலுக்குள் பாய்ந்தான். குவியல் கோட்டின்மேல் விழுந்தது; பந்து கோட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தால் ஜெயம். நடுவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டது என்று இரண்டு கைகளையும் தூக்கினார். ஜெயித்தோம். பிரிஸ்கோ கல்லூரியை ஜெயித்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் பாட்டே இல்லை.

ஓடஸ் கையில் இருந்தது திங்கட்கிழமை காலை வந்த நகரத்துப் பத்திரிகை. அதன் நிருபர் டெல்மர் குவின் எழுதியிருந்தார்: 'இது வெற்றி அல்ல, திருட்டு.' கூடவே ஒரு படம். படத்தில் பந்து இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு ரசிகரின் தொப்பி இருந்தது.

அன்று காலை முதல் எங்கள் ஊரைப் பார்த்தால் ஜெயித்த ஊர் மாதிரியே இல்லை. கடைகளில் பேச்சு கிடையாது. தபால்காரரைப் பார்த்து நாய்கள்கூடக் குரைக்கவில்லை. தோற்ற பிரிஸ்கோவில் வாத்தியம் வைத்து ஊர்வலம் போனதாகக் கேள்வி.

"மிச்சத் தலையை வெட்டிடு ஓடஸ்" என்றார் ஹெர்ஷல்.

"இன்னிக்குக் கடை மூடியாச்சு. இன்னொரு நாள் வா."

பாதித் தலையோடு நடக்க முடியாது. ஹெர்ஷல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அப்போதுதான் கவனித்தார், தெருவில் ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை. படத்தில் இருப்பது உன் தொப்பியா என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ஊரே தொப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தது. சலோவாவில் அன்று வெளியில் இருந்த ஒரே தொப்பி ஹெர்ஷல் தலையில்தான்.

வீட்டில் மனைவி நடீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா சொன்னே?" நிமிராமல் கேட்டாள்.

"நான் எப்படிச் சொல்வேன்? நான் பார்க்கவே இல்ல. கண்ணை மூடிட்டிருந்தேன்."

கத்தி நின்றது. "கண்ணை மூடிட்டியா?"

"கடைசி நிமிஷம்னா எப்பவும் மூடிடுவேன். மனசு தாங்காது."

"இத்தனை வருஷமா கம்பைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிட்டா நின்னே? ஹெர்ஷல், இதை மட்டும் வெளியில சொல்லிடாதே. பத்திரிகைக்குச் சொன்னதை ஊர் மன்னிச்சாலும் மன்னிக்கும். இதை மன்னிக்காது."

ஆகவே மறுநாள் காலை அவர் சிற்றுண்டிக் கடைக்குப் போனார். எல்லோரும் முட்டையும் சோளக்கஞ்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெர்ஷல் நடுவில் நின்று, "பந்து உள்ளதான் போச்சு. என் கண்ணால பார்த்தேன்" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

பரிமாறும் பெண் காப்பிக் கெண்டியோடு அப்படியே நின்றாள். "உன்னை யாரு கேட்டா இப்போ?"

ஓர மேஜையில் லேனியர் ஸ்டப்ஸ் உட்கார்ந்திருந்தார். ரசிகர் மன்றத் தலைவர். ஊரில் சவ அடக்கத் தொழில் அவருடையது. யாரைப் பார்த்தாலும் அளவெடுப்பதுபோல் மேலும் கீழும் பார்ப்பார்.

"உட்காரு ஹெர்ஷல். நீ சொன்னேன்னு நான் சொல்லல."

"ரொம்ப நன்றி லேனியர்."

"ஊர் சொல்லுது. புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வா. வேதாகமத்து மேல கை வச்சு, பந்து உள்ள போனதைப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. விஷயம் முடிஞ்சுது."

"இங்கேயே சொல்லிட்டேனே."

"இங்க நீ கை வச்சது கஞ்சித் தட்டு மேல. சனிக்கிழமை ஆட்டத்துக்குள்ள இது தெளியணும். தெளியலைன்னா கம்பை என் மருமகன் பிடிப்பான்."

ஹெர்ஷலுக்குக் காப்பி கசந்தது. கம்பு போய்விட்டால் சனிக்கிழமைகளில் அவர் எங்கே நிற்பார்? ஊரில் அவருக்கென்று இருந்த இடம் அந்த ஒரு சாண் புல்தரைதான்.

புதன்கிழமை கோவிலில் உட்கார இடமில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். பாஸ்டர் ஃபேரிஸ் வேதாகமத்தை நீட்டினார். ஹெர்ஷல் கை வைத்தார். வாயைத் திறந்தார். சிற்றுண்டிக் கடையில் சரளமாக வந்த பொய் இங்கே வரவில்லை.

"பிரதர், பந்து உள்ள போனதைப் பார்த்தீங்களா?"

"நான் பார்க்கல பாஸ்டர். கண்ணை மூடிட்டிருந்தேன்."

பின் வரிசையில் யாரோ ஒரு பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பாஸ்டர் உதவி செய்யப் பார்த்தார். "ஜெபம் பண்றதுக்காக மூடினீங்க. அப்படித்தானே?"

"ஆமா பாஸ்டர்."

"நம்ம பையன்கள் ஜெயிக்கணும்னு."

வேதாகமத்தின்மேல் கை இன்னும் இருந்தது. "இல்ல பாஸ்டர். குவியல்ல யாருக்கும் அடிபடக் கூடாதுன்னு."

லேனியர் ஸ்டப்ஸ் மெதுவாக எழுந்தார். "யாருக்கும்னா? அதுல பிரிஸ்கோகாரனும் சேர்த்தியா?"

ஹெர்ஷல் லேனியர் பக்கம் திரும்பினார். "பேர் சொல்லிப் பிரிக்கல."

அவ்வளவுதான். கூட்டம் முடிந்து எல்லோரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். நடீன் செய்த உருளைக்கிழங்கு சாலட்தான் எப்போதும் முதலில் காலியாகும். அன்று அது கரண்டிகூடப் படாமல் வீடு திரும்பியது. காரில் அவள் அந்தப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, செத்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் ஹெர்ஷல்?"

ஹெர்ஷலுக்கு ஒரு யோசனை வந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் அவருக்கு யோசனை வராமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை தீவன மூட்டை அட்டை ஒன்றில் 'பத்திரிகை பொய் சொல்கிறது' என்று பெரிதாக எழுதி, கடை வாசலில் பிடித்துக்கொண்டு நின்றார். மத்தியானம்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு கார் வந்து நின்றது. ஒரு இளைஞன் இறங்கிப் படம் எடுத்தான். ஹெர்ஷல் அட்டையை உயர்த்திக் காட்டினார். தொப்பியையும் சரிசெய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: 'அன்று கோட்டுக்கு மிக அருகில் நின்றவரான ஹெர்ஷல் டேட்டம்.' அட்டையின் மேல்பாதிக்கு இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள். படத்தில் மிஞ்சியது சிரித்த முகமும் 'சொல்கிறது' என்ற வார்த்தையும்தான்.

ஊரில் எல்லோரும் திங்கட்கிழமையே அந்தப் பத்திரிகையை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆனாலும் காலை எட்டு மணிக்குள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தாகிவிட்டது. எங்கே பார்த்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

லேனியர் ஸ்டப்ஸின் மருமகன் கடைக்கு வந்து நின்றான்.

"மாமா கம்பை வாங்கிட்டு வரச் சொன்னார்."

ஹெர்ஷல் கம்பை எடுத்தார். துணியால் துடைத்தார். கொடுத்தார்.

பிறகு கடையைப் பூட்டிவிட்டு நகரத்துக்குக் காரை விட்டார்.

டெல்மர் குவின் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தால் கெட்டவராகத் தெரியவில்லை. அதுவே ஹெர்ஷலுக்குக் கஷ்டமாக இருந்தது.

"சொன்னவர் பேரை நான் வெளியிட முடியாதுங்க. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பேரு வேண்டாம் சார். நான் இல்லைன்னு மட்டும் ஒரு வரி போடுங்க."

"இன்னிக்கு நீங்க இல்லைன்னு போட்டா, நாளைக்கு இன்னொருத்தர் வருவார். அப்புறம் இன்னொருத்தர். ஒவ்வொருத்தரா இல்லைன்னு போட்டுக்கிட்டே போனா கடைசியில மிஞ்சறவர் யாருன்னு தெரிஞ்சுடும்."

"எனக்குக் கம்பு போச்சு. வீட்டுக்காரி அழறா. பாதித் தலையோட அலையறேன்." தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

குவின் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அதை வேணும்னா எழுதறேன்" என்றார்.

ஹெர்ஷல் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் உட்கார்ந்து, பத்திரிகைக்கு வரும் தொலைபேசிகளை எடுத்துக் குறித்துக்கொள்ளும் அம்மாளின் எதிரே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மிஸ் யூலா என்று அவள் மேஜைமேல் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அவள் தக்காளி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உடம்புக்கு முடியலையா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா. சலோவால இருந்து வரேன்."

"ஓ, சலோவாவா." அவள் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"அந்த ஒருத்தன் யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்மா. அவனை மட்டும் வெறுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். தெரியாததால ஊர்ல ஒவ்வொருத்தரையும் வெறுக்க வேண்டியிருக்கு. இந்த வயசுல அது என்னால முடியல."

"எந்த ஒருத்தரைக் கேக்கறீங்க?" என்றாள் மிஸ் யூலா. "சனிக்கிழமை சாயங்காலம் உங்க ஊர் போனை எடுத்து எடுத்து என் காது வீங்கிப் போச்சு. ஒருத்தர் ஜெபம் பண்ணிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிச்சார். ஒருத்தர் முடிக்கும்போது சவப்பெட்டி விலையும் சொல்லிட்டு வச்சார். ஒரு அம்மா, வீட்டுக்காரர் பக்கத்து ரூம்ல தூங்கறார்னு கிசுகிசுன்னு பேசினாங்க. எல்லாரும் கோட்டுக்குப் பக்கத்துலதான் நின்னாங்களாம். எல்லாரும் பார்த்தாங்களாம், பந்து உள்ள போகலையாம். பேரை மட்டும் போட்டுடாதீங்கன்னாங்க."

அவள் துடைக்கும் காகிதத்தால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"உங்க குரலைத்தான் நான் இன்னிக்கு முதல் தடவையா கேக்கறேன்."