கலா பிடித்துத் தாண்டிய கதை

எனக்கு மலாய் அரைகுறை. அதில் ஒரு கால் போயிற்று.

எழுபதுகளில் மலேசியாவில், சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். ரப்பர் மரத்தை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட தோட்டம். எனக்குக் குலை வெட்டும் வேலை. இருபது அடி மூங்கில், நுனியில் அரிவாள். அந்தக் கம்பை மலாயில் கலா என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம்.

என் மனைவி மரியாவின் அண்ணன் அருளப்பன் ஈப்போவில் முடி வெட்டும் கடையில் இருந்தார். கடைக்கு வரும் பேப்பரில் அவர் தேடுவது ஒன்றுதான். கம்பு ஊன்றித் தாண்டுவதில் உலக சாதனை ஏறியதா என்று பார்ப்பார். (மற்றவர்கள் குதிரை நம்பர் பார்ப்பார்கள்.) ஏறினால் பஸ் பிடித்து வந்துவிடுவார்.

"பதினெட்டு அடி தாண்டிட்டான் மச்சான்!"

"சரி."

(எனக்கு அவ்வளவுதான் பேச வரும்.)

ஒரு நாள் விண்ணப்ப பாரத்தோடு வந்தார். ஈப்போவில் விளையாட்டுப் போட்டி. ஜெயித்தால் சர்க்கார் ஆபீசில் வேலை கிடைக்கும் என்று கடையில் யாரோ சொன்னார்களாம். மரியாவுக்கு அப்போது ஆறு மாதம். அந்த வயிற்றோடு குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை என்றதும் பாரத்தை வாங்கிப் பார்த்தேன்.

"லொம்பாட் கலான்னு போட்டிருக்கு பாரு. கலா பிடிச்சுத் தாண்டுறது. நீ தினமும் பிடிக்கிறதுதானே லா!"

"மூங்கில் வளையாதே?"

"அந்தக் காலத்துல மூங்கில்லதான் ரெக்கார்டே போட்டானுங்க. இப்ப உள்ள கம்பவிட உன்னோடது நீளம் வேற. பயப்படாத."

கணக்கு சரியாகத்தான் பட்டது.

தோட்டத்து லாரியில் கலாவை ஏற்றிக்கொண்டு போனோம். அரிவாளைக் கழற்றிவிட்டேன். (அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.) மற்றவர்களின் கம்பு வில்லாக வளைந்து ஆளைத் தூக்கிப் போட்டது. என் முறை வந்தது. ஓடினேன். ஊன்றினேன். கலா நேராக நின்றது. அதன் நடுவில் நான் குலை மாதிரி தொங்கினேன்.

"தள்ளு லா, தள்ளு!" என்று மச்சான் கத்தினார்.

எதைத் தள்ளுவது? கலா வந்த வழியே சாய்ந்தது. மெத்தை அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள்.

"எதுலேருந்து விழுந்த?"

"கலாவுலேருந்து."

"கலாவா? பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

வார்டே சிரித்தது. மச்சான் மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

கால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு குலை வெட்ட முடியவில்லை. மரியாவோடு சேர்ந்து நானும் பழம் பொறுக்கினேன். மச்சான் வருவார். பிள்ளைக்கு பிஸ்கட் கொடுப்பார், போவார். சாதனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது ஏறிக்கொண்டுதான் இருந்தது. ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளில் ஒருவன் ஆறு மீட்டர் தாண்டினான். அந்த வாரம் மச்சான் வந்தார். தலை குனிந்து கோப்பி குடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப எவ்வளவு மச்சான்?"

கோப்பியைக் கீழே வைத்தார். "ஆறு மீட்டர்."

"நான் எவ்வளவு போனேன்?"

"நீ எங்க போன? வந்த வழியே வந்த லா."

சிரித்தார். பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது. மரியா துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம், "போனியா, வந்தியா?" என்றுதான் கேட்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். மச்சானும் இருந்தவரை சிரித்தார். என் காலை மட்டும் பார்க்க மாட்டார்.